துடிப்பு, பணியின்மை, எழுப்பல்: பழைய மடிக்கணினியின் மின்சிக்கனம் பற்றிய சொற்களும் மொழியாக்கமும்

1. சிக்கல்

மேசைமேல் திறந்து வைக்கப்பட்டு எவரும் தொடாதிருக்கும் மடிக்கணினியும் மின்னாற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. திரையின் செலவு கண்ணுக்குத் தெரிவது. விசிறியின் செலவு காதுக்குக் கேட்பது. நுண்செயலி வேலை ஏதுமின்றி இருக்கையில் செய்யும் செலவோ எப்புலனுக்கும் எட்டுவதில்லை. பதினைந்து, இருபது ஆண்டுப் பழமையுடைய கணினிகளில் இச்செலவைக் குறைக்க விழைவோர் பெரும்பாலும் லினக்ஸ் இயக்க அமைப்பை நாடுகின்றனர். அவ்வமைப்பின் கருப்பகுதியாகிய கெர்னல் காலத்தை எவ்வாறு கணிக்க வேண்டும் என்பதைப் பயனரே மாற்றியமைக்க இயலும் என்பது அதற்கு ஒரு காரணம். (இச்சொல்லை எழுதும்போது எகரத்தைக் கைவிடலாகாது. ‘கர்னல்’ என்றெழுதினால் படைத்துறைப் பதவியாகிவிடும்.)

இவ்வமைப்புகளை விளக்கும் ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைத் தமிழாக்க முற்படுவோர் சொல்லுக்குச் சொல் நிகர் தேடும்போது, தொடர் பிழையற்ற தமிழாக அமைந்தும் பொருள் நேர் எதிராகத் திரும்பிவிடும் இடங்கள் சில உள்ளன. எடுத்துக்காட்டாக, கணினியைத் தொடங்கும்போது கெர்னலுக்குத் தரப்படும் ‘நோஹெர்ட்ஸ்=ஆஃப்’ என்னும் கட்டளையைக் கொள்ளலாம். முதற்சொல்லில் ஓர் இன்மை; இரண்டாம் சொல்லில் ஒரு நிறுத்தம். இரண்டையும் ஒருசேரக் காணும் மொழிபெயர்ப்பாளர் ‘கடிகாரத் துடிப்பை நிறுத்துக’ என எழுதிவிட வாய்ப்புண்டு. உண்மையில் அக்கட்டளை துடிப்பை மீண்டும் ஓயாது அடிக்கச் செய்வது. மின்கலத்தைச் சேமிக்க எண்ணி அத்தமிழ்க் குறிப்பைப் பின்பற்றும் பயனர், தம் மின்கலத்தை முன்னினும் விரைவாகத் தீர்ப்பார். பிழை எங்கே நேர்ந்தது என்பதை அவர் அறிய வழியுமில்லை. கணினி எவ்விதப் பிழைச்செய்தியும் காட்டாது.

இத்தகைய இடங்களில் சொல்தேர்வு பொருளறிவைச் சார்ந்தே அமைய வேண்டியிருக்கிறது. எனவே பொருளை முதற்கண் காண்பது தேவையாகிறது.

2. துடிப்பின் பணி

கணினியிலுள்ள கடிகாரச் சில்லு ஒன்று குறித்த இடைவெளிதோறும் நுண்செயலிக்கு ஒரு குறுக்கீட்டை அனுப்புகிறது. இதனையே துடிப்பு என்கிறோம். ஒவ்வொரு துடிப்பின்போதும் கெர்னல் தன் காலக் கணக்கை ஓர் எண் உயர்த்துகிறது; ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் பங்கு நேரத்தைத் தீர்த்துவிட்டதா, வேறொன்று காத்திருக்கிறதா என நோக்குகிறது; முன்னரே குறித்துவைத்த டைமர்களுள் எதற்கேனும் நேரம் வந்துவிட்டதா எனவும் பார்க்கிறது.

பல நிரல்கள் போட்டியிடும் கணினியில் இவையனைத்தும் வேண்டுவன. வேலை ஏதுமில்லாத கணினியில் இவற்றுள் பெரும்பகுதி வீண். வீணாவது குறுக்கீட்டைக் கவனிக்கச் செலவாகும் சில நுண்விநாடிகள் மட்டுமாயின் பொருட்படுத்த வேண்டியதில்லை. இழப்பு வேறிடத்தில் உள்ளது. வேலையில்லாத நுண்செயலி பல ஆழங்களில் உறங்கவல்லது. இவ்வாழங்களை மின்னாற்றல் மேலாண்மைக்கான தரநிலை, சுழியத்திலிருந்து தொடங்கும் எண்களைக் கொண்டு சி-நிலைகள் எனப் பெயரிடுகிறது. சுழிய நிலை முழு விழிப்பு. எண் கூடக்கூட உறக்கத்தின் ஆழமும் கூடும். ஆழ்ந்த உறக்கத்தில் செலவு மிகக் குறைவு. ஆனால் அந்நிலைக்குச் செல்லவும் அதிலிருந்து மீளவும் நேரமும் ஆற்றலும் வேண்டும். ஆகவே குறைந்தது ஓரளவு நேரமேனும் இடையூறின்றி உறங்கக் கிடைத்தால்தான் ஆழ்நிலைக்குச் செல்வது ஆதாயமாகும். விநாடிக்கு ஆயிரம் முறை கதவைத் தட்டினால் யாருக்கும் தூக்கம் ஆழாது என்பது இங்கு உவமையாக மட்டுமன்றி ஏறத்தாழ நேர்ப்பொருளாகவே பொருந்துகிறது.

துடிப்பின் விரைவு லினக்சின் வரலாற்றில் ஒரே அளவாக இருந்ததில்லை. இன்டெல் வகை 32 பிட் கணினிகளில் தொடக்கத்தில் விநாடிக்கு 100ஆக இருந்தது, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6.0 பதிப்பில் 1000ஆக உயர்ந்தது. மடிக்கணினிப் பயனர்களுக்கு இது நன்மையாக முடியவில்லை. 2005 ஆகஸ்டில் வந்த 2.6.13 பதிப்பு 100, 250, 1000 ஆகிய மூன்றினுள் ஒன்றைக் கெர்னலைத் தொகுக்கும்போது தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தந்து, 250ஐ இயல்பிருப்பாக வைத்தது. 2007 ஏப்ரலில் வெளியான 2.6.21 பதிப்பில், 32 பிட் கணினிகளுக்கு, வேலையில்லாதபோது துடிப்பையே விட்டுவிடும் முறை புகுத்தப்பட்டது. 64 பிட் கணினிகள் 2008 சனவரியின் 2.6.24 பதிப்பில் அதனைப் பெற்றன.

விட்டுவிடப்பட்ட துடிப்புகள் கணக்கில் இழக்கப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. உறங்கச் செல்லுமுன் கெர்னல், அடுத்து நேரம் வரவிருக்கும் டைமர் எது எனப் பார்த்து, அந்நேரத்தில் மட்டும் தன்னை எழுப்புமாறு கடிகாரச் சில்லுக்குச் சொல்கிறது. எழுந்தபின், இடையில் கழிந்த காலத்தை வேறொரு கடிகாரத்தைப் பார்த்தறிந்து, விடுபட்ட எண்ணிக்கையை ஒருசேரக் கூட்டிக்கொள்கிறது.

அவ்வெண்ணிக்கைக்கு ஆங்கில ஆவணங்கள் வழங்கும் பெயர் ‘ஜிஃபி’. இமைப்பொழுது என்னும் பொருளில் வழங்கும் பேச்சுவழக்குச் சொல் அது. தமிழில் இதற்கு ‘நொடி’ எனவோ ‘கணம்’ எனவோ எழுதத் தோன்றும். நொடி இன்று விநாடி என்னும் நிலைத்த அளவாகிவிட்டது. ஜிஃபியோ துடிப்பின் விரைவுக்கேற்ப 10, 4 அல்லது 1 மில்லிவிநாடி என மாறும் அளவு. தொல்காப்பியம் மாத்திரையின் அளவைக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் கொண்டு கூறுவதை நினைவுகூர்ந்து ‘மாத்திரை’ எனலாமா என்று கேட்போரும் இருக்கலாம். எழுத்தொலியின் அளவுக்கு உரியதாகிவிட்ட அச்சொல்லை இதற்குத் தருவது மொழியியலாருக்கே இடையூறாகும். ‘துடிப்பெண்’ என்று வாளா கூறுதலே போதுமானது.

3. பணியின்மை மூவகை

ஆங்கிலத்தில் ‘ஐடில்’ என்னும் ஒரே சொல் இத்துறையில் மூன்று வேறு நிலைகளைச் சுட்டுகிறது. விசைப்பலகையை எவரும் தொடாதிருத்தல் ஒன்று. திரையை அணைக்கும் நிரல் கருதுவது இதனையே. கணினியில் குறிப்பிடத்தக்க பணி எதுவும் நடவாதிருத்தல் இரண்டாவது. மின்செலவை அளப்போர் கருதுவது இது. இக்கணத்தில் இந்நுண்செயலியில் ஓடத்தக்க நிரல் ஒன்றும் இல்லாதிருத்தல் மூன்றாவது. கெர்னல் கருதுவது இம்மூன்றாவதை மட்டுமே.

மூன்றாவது நிலை முதலிரண்டிலிருந்து கால அளவிலேயே வேறுபடுகிறது. விரைந்து தட்டச்சிடுபவரின் இரண்டு எழுத்துகளுக்கிடையே நுண்செயலி பலமுறை பணியற்றுப் போய்ப் பலமுறை பணிக்குத் திரும்பியிருக்கும். ஆகவே இந்நிலையைக் குறிக்கும் தொடரில் ‘கணினியைப் பயன்படுத்தாதபோது’ என எழுதினால், பயனர் எழுந்து சென்றபின் தொடங்குவதொன்று எனப் படிப்பவர் கொள்வர். தாம் படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போதும் இச்சிக்கனம் நிகழ்கிறது என்பது மறைந்துவிடும்.

சொற்களை நோக்கினால், ‘செயலற்ற’ என்பது கணினித் தமிழில் முடக்கி வைக்கப்பட்ட பொத்தானுக்கும் பட்டியலுருப்படிக்கும் ஏற்கெனவே வழங்குகிறது. ‘ஓய்வு’ என்பது களைப்பையும் பணிநிறைவையும் உடன்கொணர்கிறது. ‘உறக்கம்’ எனில் கணினி முழுவதையும் உறக்கத்தில் ஆழ்த்தும் வேறொரு செயலோடு மயங்கும். தவிரவும், பணியின்மை உறக்கத்துக்குக் காரணமேயன்றி உறக்கமே ஆகாது. ‘சும்மா இருத்தல்’ என்பது பேச்சுத் தமிழில் மிகப் பொருத்தமானது என்றாலும் ஆவண நடையில் நில்லாது. மீதமிருப்பது ‘பணியிலா நிலை’. நுண்செயலியின் குணத்தைப் பற்றி இது ஒன்றும் கூறவில்லை. அதற்குக் கொடுக்கப் பணியில்லை என்று மட்டும் கூறுகிறது. கெர்னல் சோதிப்பதும் அதனையே.

4. ‘இயங்குநிலை’ என்னும் கண்ணியும் எதிர்மறையின் அடுக்கும்

துடிப்பை விட்டுவிடும் முறைக்கு ஆங்கிலத்தில் இரு பெயர்கள் உள்ளன. ஒன்று, துடிப்பு என்னும் சொல்லுக்கு முன் ‘டைனமிக்’ என்பதன் முதலசையைச் சேர்த்து ஆக்கிய ‘டைன்டிக்’. மற்றொன்று, இன்மைப் பின்னொட்டுச் சேர்ந்த ‘டிக்லெஸ்’. இரண்டும் தமிழாக்கத்துக்கு இடர் தருவன. இடரின் வகை வேறு.

‘டைனமிக்’ என்பதற்குத் தமிழ் அறிவியல் நூல்கள் ‘இயங்கு’, ‘இயக்க’ என்னும் அடைகளை நெடுங்காலமாக ஆண்டு வருகின்றன. இயற்பியலில் அவை பொருந்தும். இங்கே ‘இயங்குநிலைத் துடிப்பு’ என்றால், கணினி இயங்கும்போது அடிக்கும் துடிப்பு எனவோ, ஓயாது இயங்கும் துடிப்பு எனவோ பொருள்படும். பின்னது மூலத்துக்கு நேர் எதிர். இதனோடு பணியிலா நிலையும் சேர்ந்து, கெர்னல் தொகுப்புப் பட்டியலில் வரும் தலைப்பைத் தமிழாக்கினால், ‘செயலற்ற இயங்குநிலைத் துடிப்பு’ போன்ற, தன்னைத் தானே மறுக்கும் தொடர் உருவாகிறது. இங்கு ‘டைனமிக்’ கருதுவது இயக்கத்தை அன்று, தேவைக்கேற்ற மாறுதலை. ‘வேண்டுழித் துடிப்பு’ எனலாம். பழமை மிகுதி எனத் தோன்றின் ‘தேவைக்கேற்ற துடிப்பு’ எனலாம்.

‘டிக்லெஸ்’ என்பதன் இடர் நுட்பமானது. ‘துடிப்பற்ற’ என உடனடியாக எழுதிவிட முடிகிறது, அதுவே தீங்கு. தமிழில் ‘அற்ற’ என்பது பண்பின் இன்மையைக் கூறுவது. உணர்வற்ற, பயனற்ற என்றாற்போல. துடிப்பற்ற உடல் என்றால் அது மீளாது. கெர்னலின் துடிப்போ பணியிலா நிலையில் மட்டும் விடப்பட்டுப் பணி வந்தவுடன் மீள்கிறது. கெர்னலுடன் வழங்கப்படும் ஆவணம், முறைகளை வேறுபடுத்தும் இடத்தில் இன்மைச் சொல்லை விடுத்து, துடிப்பை விடுதல் என்னும் வினையையே ஆள்கிறது. தமிழிலும் பெயரடையைக் கைவிட்டு வினையை நாடுவதே தக்கது. ‘பணியிலா நிலையில் துடிப்புத் தவிர்ப்பு’ என்பது நீண்டதுதான். ஆயினும் எப்போது, எது, என்ன ஆகிறது என்னும் மூன்றையும் அது சொல்லிவிடுகிறது.

இங்ஙனம் வினையாக்கிக்கொண்டபின் முற்கூறிய எதிர்மறை அடுக்கும் எளிதில் அவிழ்கிறது. ‘நோஹெர்ட்ஸ்=ஆஃப்’ என்பதற்குத் ‘துடிப்புத் தவிர்ப்பைக் கைவிடுக; துடிப்பு இடைவிடாது அடிக்கும்’ என்பது நிகர். பிற்பகுதி மூலத்தில் இல்லை. விளைவை உடன்பாட்டு வாய்பாட்டில் ஒருமுறை கூறிவிடுதல் இத்தகைய இரட்டை எதிர்மறைகளில் மொழிபெயர்ப்பாளர் கொள்ள வேண்டிய உரிமை எனலாம். உரையாசிரியர்கள் செய்ததும் இதுவே.

2013 சூனில் வெளிவந்த 3.10 பதிப்பில் மூன்றாவது முறையொன்று சேர்ந்தது. ஒரே ஒரு நிரல் மட்டும் ஓடும் நுண்செயலியிலும் துடிப்பை விடுவது அது. அதன் பெயரில் ‘ஃபுல்’ என்னும் அடை நிற்கிறது. ‘முழுமையான துடிப்புத் தவிர்ப்பு’ எனத் தமிழாக்கினால், பாதியைவிட முழுமை மேல் என்று கருதி மின்சிக்கனம் வேண்டுவோர் அதனைத் தேர்வர். ஆனால் அது உடனடி மறுமொழி வேண்டும் பணிகளுக்கும் பெருங்கணக்கீடுகளுக்கும் உரியது. காலக் கணக்கைப் பேண ஒரு நுண்செயலியேனும் துடிப்புடன் இருந்தாக வேண்டும் என்னும் கட்டுப்பாடும், பயனர் நிரலுக்கும் கெர்னலுக்கும் இடையே ஒவ்வொரு முறை மாறும்போதும் கூடுதல் வேலையும் அதற்கு உண்டு. பழைய மடிக்கணினிக்கு அதனால் ஆதாயமில்லை. ‘ஒற்றைநிரல் ஓட்டத்திலும் துடிப்புத் தவிர்ப்பு’ என விரித்தெழுதின் இம்மயக்கம் எழாது.

5. எழுதலும் எழுப்பலும்

2007 மே மாதத்தில் இன்டெல் நிறுவனம் ‘பவர்டாப்’ என்னும் கருவியை வெளியிட்டது. துடிப்பு விடப்பட்டபின்னும் நுண்செயலி ஏன் அடிக்கடி விழிக்கிறது, யார் விழிக்கச் செய்கின்றனர் என்பதனை அது பட்டியலிட்டது. விநாடிக்கு எத்தனை ‘வேக்கப்’ என்பதே அதன் முதன்மை அளவை. இந்த ஆங்கிலப் பெயர்ச்சொல் தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. தமிழ் இவ்விரண்டையும் எழு, எழுப்பு என வடிவிலேயே பிரித்துவிடுகிறது. ‘விநாடிக்கு 200 விழிப்புகள்’ என்றால் நுண்செயலியின் இயல்பு போலத் தோன்றும். ‘விநாடிக்கு 200 எழுப்பல்கள்’ என்றால் எழுப்பியவர் யார் என்னும் வினா தானே எழும். அக்கருவியின் பயனே அவ்வினாவுக்கு விடை தருவதுதான். மூலமொழியில் மறைந்து நின்ற எழுவாயை நம் இலக்கணம் வெளிக்கொணரும் இத்தகைய இடங்கள் மொழிபெயர்ப்பில் அரிதாகவே வாய்க்கின்றன.

டைமரின் நேரம் வந்துவிட்டது என்பதற்கு ஆங்கிலம் ஆளும் வினையை அகராதி வழியே ‘காலாவதியாதல்’ என எழுதுவது பரவலாக நேரக்கூடியது. மருந்தும் உரிமமும் காலாவதியானால் பயனிழக்கும். டைமரோ அந்நேரத்தில்தான் தன் பயனைத் தருகிறது. வங்கித் தமிழில் வைப்புத்தொகை ‘முதிர்கிறது’. டைமருக்கும் அச்சொல் இயல்பாகப் பொருந்தும்.

முதிர்வு தொடர்பாக இன்னொரு சொல் உண்டு. 2008 டிசம்பரின் 2.6.28 பதிப்பு, பயனர் நிரல்களின் டைமர்களுக்கு ஒரு ‘நெகிழ்வு’ அளவைப் புகுத்தியது. இயல்பிருப்பு 50 நுண்விநாடி. அருகருகே முதிரும் டைமர்களை ஒரே எழுப்பலில் முடித்துக்கொள்ள இவ்வளவு உதவுகிறது. நெகிழ்வு பின்னோக்கி மட்டுமே செல்லும். டைமர் பிந்தலாம், முந்தக் கூடாது. தமிழில் ‘முன்பின்னாக’ என்று எழுதும் வழக்கம் நம்மிடம் மிகுதியாதலின் இதனைக் குறித்துவைத்தல் நன்று.

6. பழைய கணினியில் நிகழ்வது

துடிப்புத் தவிர்ப்பு செம்மையாக நடைபெறும் கணினியில், துடிப்பின் விரைவை 1000லிருந்து 100க்குக் குறைப்பதால் பணியிலா நிலையின் செலவில் பெரிய மாற்றம் நேராது. தவிர்க்கப்படும் ஒன்று எவ்வளவு விரைவாக அடித்திருக்கும் என்பது பொருட்டன்று. ‘விரைவைக் குறைத்தால் மின்சாரம் மிஞ்சும்’ என்னும் அறிவுரை 2007க்கு முற்பட்ட கெர்னல்களுக்கு உரியது. அதனைக் காலமும் பதிப்பும் சுட்டாமல் மொழிபெயர்ப்பது பழைய உண்மையைப் புதிய பொய்யாக்குவதாகும். தவிர்ப்பை அறவே கைவிட்ட கெர்னல் அதனைக் கைக்கொண்டதைவிட இரண்டு மூன்று மடங்கு விரைவாக மின்கலத்தைத் தீர்க்கக்கூடும் என முற்கூறிய ஆவணம் கூறுகிறது. திரை எரிந்துகொண்டிருக்கும் மடிக்கணினியில் திரைக்குரிய செலவு தனியே நிற்பதால், வேறுபாடு அத்துணை இராது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

தவிர்ப்பு இருந்தும் முழுப்பயன் தராத கணினிகள் உண்டு. 2003 மார்ச்சில் அறிமுகமான சென்ட்ரினோ தலைமுறை மடிக்கணினிகள் இதற்குத் தக்க சான்று. அவற்றில் நுண்செயலிக்குள்ளேயே அமைந்த டைமர், நுண்செயலி ஆழ்ந்துறங்கும்போது தானும் நின்றுவிடும். நின்றுவிட்ட கடிகாரம் எவரையும் எழுப்பாது. ஆகவே கெர்னல் வெளியேயுள்ள வேறொரு சில்லை நாட வேண்டும். முற்காலத்திலிருந்து எல்லாக் கணினிகளிலும் உள்ள சில்லு விநாடிக்கு 11,93,182 முறை எண்ணுவது. அதன் எண்ணி 16 பிட் அளவினது. எனவே அதிகம் போனால் 55 மில்லிவிநாடிக்குத்தான் அதனால் முன்கூட்டிக் குறிக்க இயலும். லினக்ஸ் அதிலும் பாதியாகிய ஏறத்தாழ 27 மில்லிவிநாடியையே வரம்பாகக் கொள்கிறது. விநாடிக்கு முப்பத்தாறு எழுப்பல்களேனும் இதனால் தவிர்க்க முடியாதனவாகின்றன.

இதனினும் திறன்மிக்க கடிகாரச் சில்லு ஒன்று அக்கணினிகளிலேயே இருந்தது. விநாடிக்கு 1.43 கோடி முறைக்கு மேல் எண்ணி, 32 பிட் எண்ணியால் ஐந்து நிமிடம்வரை முன்குறிக்கவல்லது அது. ஆனால் கணினியின் தொடக்க மென்பொருள் அதனை இயக்க அமைப்புக்கு அறிவிக்காமல் விட்டுவிட்டது. இன்டெல்லின் ஐசிஹெச்4 சில்லுத் தொகுதியிலும் வேறு சிலவற்றிலும் ஆவணப்படுத்தப்படாமலே இருந்த இக்கடிகாரத்தை எழுப்புவதற்கெனக் கெர்னலில் ‘ஹெச்பெட்=ஃபோர்ஸ்’ என்னும் தொடக்கக் கட்டளை உள்ளது. இதில் வரும் ஏவலை ‘வலுவாக இயக்குக’ எனத் தமிழாக்குவது பயனற்றது. ‘தொடக்க மென்பொருள் அறிவிக்காவிடினும், உள்ளதெனக் கொண்டு இயக்குக’ என்பதே அதன் பொருள். இவ்வாறு விரித்தால்தான் அதன் இடரும் புலப்படும். உற்பத்தியாளர் அறிவியாத ஒன்றை நம்பி இயக்குகையில் கணினி உறைந்துபோகவும் கூடும். ஆகவே தொடக்கப் பட்டியலில் ஒருமுறை மட்டும் தட்டச்சிட்டுச் சோதித்தபின்னரே நிலையாக எழுதிவைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை தமிழாக்கத்தில் கட்டளைக்கு முன் வருதல் வேண்டும், பின்னர் அன்று. தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்பது இங்கே துணைசெய்கிறது. நிபந்தனையைப் படித்து முடித்த பின்னரே ஏவலை அடைகிறோம்.

கட்டளை பயன் தந்ததா என்பதை, கெர்னல் தன் டைமர்களைப் பட்டியலிடும் ‘டைமர் லிஸ்ட்’ என்னும் கோப்பைத் திறந்து, நிகழ்வுக் கடிகாரம் என்னும் வரிக்கு எதிரே ‘பிட்’ என்றிருக்கிறதா, ‘ஹெச்பெட்’ என்றிருக்கிறதா எனப் பார்த்தறியலாம். இக்கோப்பின் பெயரும், அதிலுள்ள கடிகாரப் பெயர்களும், சமக்குறியின் இருபுறமும் நிற்கும் கட்டளைச் சொற்களும் தமிழாக்கத்துக்கு உரியனவல்ல. இக்கட்டுரையில் அவை தமிழ் எழுத்தில் தரப்பட்டது ஒலிப்புக்காக மட்டுமே. பயனருக்கான குறிப்பேட்டில் அவற்றை மூல எழுத்துகளிலேயே, சிற்றெழுத்து மாறாமல், விளக்கத்திலிருந்து தனி வரியாகப் பிரித்து அச்சிடல் வேண்டும்.